அறுபத்திரண்டைச் சாப்பிடாத ஜீவரத்தினம்

ஜீவரத்தினத்துக்கு வயது அறுபத்தொன்று. இது அவர் சொல்லும் வயது. 2021ஆம் ஆண்டு மார்கழியிலிருந்து மாறாமல் சொல்லிவரும் வயது. "போன வருசமும் அறுவத்தொண்டு எண்டுதானே சொன்னனீங்கள்?" என்று யாராவது கேட்டால், "ஓம், சொன்ன சொல்லை மாத்திற ஆள் நானில்லை" என்பார். லண்டன் கிங்ஸ்பரியில் இதைக் கேட்டு அலுத்துப்போகாத தமிழ்ச் சனம் குறைவு.

இத்தனைக்கும் மற்றவர்களிடம் வயது கேட்பதுதான் மனுசனுடைய தொழிலே. மதுப்போத்தலும் சிகரெட்டும் விற்கிற ஒரு கடையில் இருபத்தாறு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறார். தாடி வைத்தவன், தலை மொட்டையானவன் என்று பார்க்கிறதில்லை. "ஐடி இருக்கோ?" என்றுதான் முதல் கேள்வி. ஒருநாள் பேரப்பிள்ளையோடு வந்த ஒரு பிளம்பரிடமும் கேட்டுவிட்டார். அந்த ஆள் பூரித்துப்போய் இரண்டு போத்தல் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனான்.

வயது என்ற சாமானில் ஜீவரத்தினத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. அதற்கு நியாயமும் உண்டு. 1988இல் ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது ஏஜென்சிக்காரன் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டில் இருந்தவன் அவரை விட மூன்று வயது இளையவன். அகதியாக அசைலம் கேட்ட இடத்தில் பதட்டத்தில் அந்தப் பிறந்த தேதியையே ஒப்பித்துவிட்டார். பிறகு திருத்தப் போனால் முழுக் கதையும் பொய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஆகவே பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஒரு வயது, சாதகக் கட்டுக்கு ஒரு வயது. வாசிக்கிற உங்களில் சிலருக்கும் அப்படித்தான், எனக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். ஒரு மனிதனுக்கு இரண்டு வயது இருக்கலாமென்றால் மூன்றாவதாக இன்னொன்று இருப்பதில் என்ன பிழை என்பது ஜீவரத்தினத்தின் வாதம்.

அந்த மூன்றாவது வயது அவருக்குப் பயத்தினால் வந்தது. அவர் குடும்பத்து ஆண்கள் அறுபத்திரண்டைத் தாண்டியதில்லை. தகப்பன் கோப்பாயில் பின்னேரத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது போனார், அறுபத்திரண்டு. சித்தப்பா பாரிஸில் மெத்ரோப் படிக்கட்டில், அறுபத்திரண்டு. தமையன் டொரன்டோவில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, அவருக்கும் அறுபத்திரண்டு. தமையனின் செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது விமானத்தில் இருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார் ஜீவரத்தினம். அடுத்தது தான் என்று விளங்கிவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவி யோகமலருக்கு மட்டும் தெரியும், அதுவும் அவர் ஒரு கிழமை தொணதொணவென்று கேட்டுப் பிடுங்கியதால்.

அப்படிப் பயந்துகொண்டு இருக்கும்போதுதான், 2021இல், பக்கத்து வீட்டுக்கு ஹொங்கொங்கிலிருந்து மிஸஸ் லாவ் குடிவந்தார். எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த கட்டையான மனுசி, தனி ஆள். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். மார்கழி, அதாவது டிசம்பர், இருபத்தொன்றாம் தேதி, வருடத்திலேயே பகல் குறைந்த நாள், இரண்டு கிண்ணங்களோடு வந்து கதவைத் தட்டினார். இஞ்சி அவித்த சூடான சர்க்கரைத் தண்ணீர், அதற்குள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நாலு நாலு உருண்டைகள். ஒட்டுகிற அரிசி மாவைக் குழைத்து, உள்ளே அரைத்த எள்ளும் சீனியும் வைத்து, உருட்டி அவித்தவை. தொங் யூன் என்று பெயர் சொன்னார்.

"எங்களுக்கு இன்று வருடப் பிறப்பை விடப் பெரிய நாள். குடும்பம் முழுக்க ஒரு மேசையில் இருந்து இதைச் சாப்பிட வேண்டும். உருண்டை எப்படி எங்கும் உடையாமல் இருக்கிறதோ அப்படிக் குடும்பமும் இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு இங்கே மேசைக்கு ஆள் இல்லை. அதனால் உங்களிடம் வந்தேன்" என்று மிஸஸ் லாவ் ஆங்கிலத்தில் சொன்னார். ஜீவரத்தினத்துக்கு மனம் இளகிவிட்டது. கரண்டியால் ஒன்றை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சாப்பிட்டதும் ஒரு வயது கூடிவிடும்" என்றார் மிஸஸ் லாவ் சிரித்துக்கொண்டு. "எங்களுக்குப் பிறந்தநாளில் வயது ஏறுவதில்லை. இந்த உருண்டை தொண்டையில் இறங்கும்போதுதான் ஏறும். சின்னப்பிள்ளைகள் கெதியாகப் பெரிய ஆளாக வேண்டுமென்று இரண்டாம் கிண்ணம் கேட்டு அடம்பிடிப்பார்கள்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. கிண்ணத்தில் ஒரு உருண்டை வெடித்துக் கறுப்பாக எதுவோ கசிந்துகொண்டிருந்தது. அரிசிமா உருண்டை, உள்ளே கறுத்த எள்ளு. நம்முடைய ஆட்கள் அரிசியையும் எள்ளையும் சேர்த்து உருட்டினால் அது ஆருக்கு வைப்பதென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தன்னுடைய அறுபத்திரண்டாம் வயதை எள்ளு வைத்து உருட்டிக் கொண்டுவந்து தந்திருக்கிறாளே பாவி என்று ஜீவரத்தினம் நினைத்தார். சுகர் என்று ஏதோ முணுமுணுத்துக் கரண்டியை வைத்துவிட்டார்.

மிஸஸ் லாவ் போனதும் யோகமலர் பிடித்துக்கொண்டார். "எள்ளுப்பாகெண்டால் டின்னோட விழுங்குவியள். இதுக்கு மட்டும் என்ன சுகர்?"

"உது சாப்பாடில்லையப்பா, வயசு. சாப்பிட்டால் எனக்கு அறுவத்திரண்டு."

"சாப்பிடாட்டிலும் வாற ஆவணியில அறுவத்திரண்டுதானே."

"அது எங்கட முறை. எங்கட முறையில போன மூண்டு பேரையும் பாத்தனீர்தானே? நான் இனி அவையின்ர முறை."

யோகமலர் நல்ல சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுகிற ஆளில்லை. தன் கிண்ணத்தை முடித்தார், பிறகு அவருடையதையும் முடித்தார், இரண்டையும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த மார்கழியும் அப்படியே. அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே. நாலு மார்கழியிலும் ஜீவரத்தினம் தொடவில்லை, யோகமலர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

கேளுங்கள், வேடிக்கை இனித்தான். மனுசன் சாகவில்லை. சாதகத்தின்படி அறுபத்திரண்டு வந்தது, போனது, அவருக்குத் தும்மல் தடிமன்கூடப் பிடிக்கவில்லை. "பாத்தனீரோ? நான் அறுவத்திரண்டுக்குப் போகேல்லை. போயிருந்தால் இப்ப இருந்திருப்பனோ?" என்று கேட்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? லண்டனின் மறுபக்கம் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் மகன் கௌசிக் கணினியில் பெரிய வேலை பார்க்கிறவன், அவனாலேயே ஏலவில்லை. ஆவணிக்கு ஆவணி ஆறும் ஒன்றுமாக அதே இரண்டு மெழுகுதிரிகளைக் கேக்கில் குத்தி, ஊதியதும் கழுவி எடுத்து வைத்தான். நாலாம் வருடம் ஆறு உருகி என்ன எண்ணென்றே தெரியாமல் போயிற்று.

உருண்டையில் அவருக்குக் கோபம் என்றும் நினைக்கக் கூடாது. சீன வருடத்தின் முதல் பௌர்ணமியில் விளக்குத் திருநாள் வரும், அன்றும் மிஸஸ் லாவ் உருட்டுவார். ஜீவரத்தினம் வாசலிலேயே மறித்துக் கேட்டார், இதற்கு வயது ஏறுமா என்று. இல்லை, இது சும்மா சந்தோசத்துக்கு என்று அந்த மனுசி சொன்னதும், கச்சான் கடலை வைத்த எட்டு உருண்டையை நின்ற நிலையிலேயே முடித்தார். அப்போது சுகர் எங்கே போனது என்று யோகமலர் கேட்டதற்குக் காது கேளாதவர் மாதிரி இருந்துவிட்டார்.

இப்படியே எண்பது வரைக்கும் அறுபத்தொன்றாக இருந்திருப்பார். குழப்பியது ஒரு நேர்ஸ்.

2025 கார்த்திகையில் யோகமலரை உடம்புப் பரிசோதனைக்கு வரச்சொல்லி டொக்டர் இடத்திலிருந்து கடிதம் வந்தது. ஜீவரத்தினமும் துணைக்குப் போனார். நேர்ஸ் உயரம் பார்த்தார், நிறை பார்த்தார், பிறஷர் பார்த்தார், எல்லாவற்றையும் கணினியில் தட்டினார். கணினி கொஞ்சம் யோசித்தது.

"உங்களுக்கு வயது அறுபத்தொன்று. ஆனால் உங்கள் இதயத்துக்கு வயது அறுபத்தைந்து. நாலு வருடம் கூட" என்றார் நேர்ஸ். உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்று இன்னும் நிறையச் சொன்னார். ஜீவரத்தினத்தின் காதில் நாலு என்பதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார்.

"நாலு கிண்ணம்" என்றார்.

"என்ன நாலு கிண்ணம்?"

"நான் சாப்பிடாமல் விட்ட நாலு கிண்ணத்தையும் ஆர் சாப்பிட்டது? நீர். என்ர நாலு வயசும் உம்மட நெஞ்சுக்குள்ள போய் இருக்குது."

"விசர்க்கதை கதையாதேங்கோ. அது கருவாட்டு உப்பு."

"உப்பெண்டால் மூண்டு வரலாம், அஞ்சு வரலாம். கணக்கா நாலு ஏன் வந்தது?"

ஜீவரத்தினம் கோட்டோடு இருந்து அழுதார். தான் சாவுக்கு ஒளித்து ஓடியபோது ஒவ்வொரு வருடமாகக் கழற்றி மனிசியின் தலையில் போட்டிருக்கிறோம் என்ற நினைப்பு அவரைப் போட்டு அரித்தது. முப்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தவள். அவள் போய்விட்டால் இந்த அறுபத்தொன்றை வைத்து நக்குவதோ என்று தன்னையே திட்டினார்.

அடுத்த நாள் மிஸஸ் லாவ் வீட்டுக் கதவைத் தட்டினார். விட்ட நாலு வருடத்து உருண்டைகளையும் இந்த வருடம் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். விசயம் முழுவதையும் விளக்க முக்கால் மணித்தியாலம் போயிற்று. வேறு யாரும் என்றால் சிரித்திருப்பார்கள். மிஸஸ் லாவ் கணக்கு ரீச்சர் அல்லவா, ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார்.

"அந்தக் கிண்ணங்கள் உங்களுக்கென்று நான் கொண்டுவந்தவை. ஆகவே அந்த வயது உங்களுடையது. பார்சலைப் பிழையான வீட்டில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்" என்றார். "ஆனால் திருப்பி எடுக்கலாமா என்று எனக்குத் தெரியாது. அக்காவைக் கேட்க வேண்டும்."

ஹொங்கொங்கில் இருக்கும் அக்காவுக்கு எண்பத்தொன்று. வீடியோவில் வந்தார். முகத்தின் மேல் பாதிதான் தெரிந்தது. தங்கை சொன்னதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் எதையோ மென்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். எடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு உருண்டைக்குக் குறையக் கூடாது, தனி உருண்டை தரித்திரம். ஒரே இருப்பில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இடையில் கதிரையை விட்டு எழுந்தால் எந்த வயதில் எழுந்தாரோ அந்த வயதிலேயே நின்றுவிடும். மிச்சம் அந்தப் பெண்ணோடுதான்.

விட்ட நாலு வருடம், இந்த வருடம் ஒன்று. ஐந்து கிண்ணம், பத்து உருண்டை. அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தாறு வரை போக வேண்டும், அதுவும் அறுபத்திரண்டின் ஊடாக. வேறு பாதை இல்லை.

ஜீவரத்தினம் சாவதற்கு ஆயத்தமானார். வீட்டைச் சூடாக்குகிற பொயிலரில் அமுக்கம் குறைந்தால் எந்தக் குழாயைத் திருப்புவது என்று யோகமலருக்குக் காட்டிக் கொடுத்தார். குப்பை எடுக்க எந்தக் கிழமை பச்சைத் தொட்டி, எந்தக் கிழமை நீலத் தொட்டி என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் யோகமலரின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார். "உங்கட பேர், ஐயா?" என்று அர்ச்சனைத் துண்டு எழுதுகிறவர் கேட்டதற்கு, "இந்த முறை வேண்டாம்" என்றுவிட்டார். கடையில் அந்தக் கிழமை ஒருவரிடமும் வயது கேட்கவில்லை என்று முதலாளி பிறகு குறைப்பட்டார்.

மார்கழி இருபத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கே வெளியில் கருக்கல். இந்த முறை மிஸஸ் லாவின் வீட்டில், அவருடைய வட்ட மேசையில். வெள்ளைக் கிண்ணங்கள் ஐந்து ஜீவரத்தினத்துக்கு முன்னால் வரிசையாக நின்றன. தலைமுழுகி, விபூதி பூசி, மடிப்புக் கலையாத சேட்டோடு மனுசன் இருந்தார். கலியாணத்தன்றும் இவ்வளவு வடிவாக வெளிக்கிட்டிருக்க மாட்டார். ஒரு போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, வேண்டாமே" என்றார் யோகமலர். "நான் உப்பைக் குறைக்கிறன்."

"நீர் பேசாமல் இரும்."

முதல் கிண்ணம். ஒன்று, இரண்டு. விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினார்.

"அறுபத்திரண்டு" என்றார் மிஸஸ் லாவ்.

அந்த இடத்தில் நிற்கக் கூடாது, ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது என்று ஜீவரத்தினத்துக்கு அவசரம். இரண்டாம் கிண்ணத்தை இழுத்து ஆறவிடாமல் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். உள்ளே எள்ளு கொதித்தது. நாக்கு வெந்து, துப்பவும் மனமில்லாமல் விழுங்கப் பார்த்ததில் மா போய்த் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மூச்சு வரவில்லை. முகம் கறுத்தது. யோகமலர் பாய்ந்து வந்து கக்கத்துக்குள் கையைக் கொடுத்து எழுப்பப் பார்த்தார். ஜீவரத்தினம் எழும்பமாட்டேன் என்று இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூச்சுப்போகிற நேரத்திலும் அந்தப் பிடிவாதம். வேறு வழியில்லாமல் இருந்த இருப்பிலேயே முதுகில் குத்தினார் யோகமலர், தேங்காய் உடைக்கிற குத்து. நாலாம் குத்துக்கு உருண்டை வெளியில் வந்து மேசை விரிப்பில் விழுந்தது.

போனுக்குள் இருந்து அக்கா என்னவோ சொன்னார். "வெளியில் வந்தது கணக்கில் இல்லையாம்" என்று மொழிபெயர்த்தார் மிஸஸ் லாவ். இன்னொன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"காணும், இவ்வளவும் போதும்" என்றார் யோகமலர். "அந்த நாலு வயசும் என்னட்டையே இருக்கட்டும். எனக்குப் பாரமில்லை. நான் வைச்சிருக்கிறன்." கிண்ணங்களைக் கையால் அணைத்துத் தன் பக்கம் இழுத்தார்.

"தாரும்."

"தரமாட்டன்."

"யோகம், நான் அறுவத்திரண்டில நிக்கிறன். இப்பிடியே நிப்பாட்டப் போறீரோ?"

யோகமலர் கையை எடுத்தார். ஜீவரத்தினம் ஊதி ஊதி, கண்ணீர் வடிய, மென்று மென்று சாப்பிட்டார். அறுபத்திமூன்று. அறுபத்திநாலு. அறுபத்தைந்தில் ஒரு ஏப்பம் வந்தது. பத்தாவது உருண்டை இறங்கியதும் மிஸஸ் லாவ் தாளில் ஒரு கோடு இழுத்து அறுபத்தாறு என்று எழுதினார். அக்கா போனுக்குள் கை தட்டினார்.

ஜீவரத்தினம் தன்னுடைய நெஞ்சைத் தடவிப் பார்த்தார். அடித்துக்கொண்டுதான் இருந்தது. "எங்கட குடும்பத்தில முதல் ஆள்" என்றார். சிரிக்கத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை.

மிஸஸ் லாவ் யோகமலரின் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கணக்கு ரீச்சரின் வாய் சும்மா இருக்குமா? "அறுபத்தைந்தில் நாலு போனால் அறுபத்தொன்று. இதைச் சாப்பிட்டால் அறுபத்திரண்டு" என்றார்.

ஜீவரத்தினத்தின் சிரிப்பு நின்றது. இதை அவர் யோசிக்கவேயில்லை. கை நீட்டிக் கிண்ணத்தை மூடினார்.

"நீர் சாப்பிடாதையும்."

"அது உங்கட வீட்டு ஆம்பிளையளுக்குத்தானே?"

"அது ஆருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? நீரும் எங்கட வீடுதான். வேண்டாம், யோகம்."

யோகமலர் அவருடைய கையை மெல்ல எடுத்து அப்பால் வைத்தார். "நான் அறுவத்திரண்டில ஒருக்கா இருந்து பாத்திட்டன்" என்றார்.

"எப்ப?"

"போன வருசத்துக்கு முந்தின வருசம். உங்கட கணக்குத்தான், கிண்ணத்துக்கு ஒண்டாய் வருசத்துக்கு ரெண்டு வயசெண்டு நானும் எண்ணிக்கொண்டு வந்தனான். அண்டைக்கு என்ர கிண்ணம் முடிய அறுவத்திரண்டு. உங்கட கிண்ணம் முடிய அறுவத்திமூண்டு. இடையில ஒரு பத்து நிமிசம் இருக்கும். குசினிக்குள்ள தனிய நிண்டனான். பயமாத்தான் கிடந்தது. நீங்கள் முன்னுக்கு இருந்து கிரிக்கெட் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."



"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் ஜீவரத்தினம்.

"கூப்பிட்டால் நீங்கள் பயந்திருப்பியள்" என்றார் யோகமலர். கரண்டியைக் கையில் எடுத்தார். "இண்டைக்குப் பக்கத்தில இருங்கோ, காணும்."

ஜீவரத்தினம் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, இரண்டு உருண்டையும் தொண்டையால் இறங்கி முடியும்வரை கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.